இருநூற்றுப் பன்னிரண்டாம் வாக்கியம்

நேர்காணலுக்குப் போன ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு வாளி கொடுத்தார்கள். வாளி நிறையப் பனிக்கட்டித் தண்ணீர். இடது கையை மணிக்கட்டுவரை அதில் விட்டுக்கொண்டு, என்ன உணர்கிறோம் என்று வலது கையால் தமிழில் எழுத வேண்டும். பிடரியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பட்டையை ஒட்டியிருந்தார்கள்.

மற்ற நால்வரும் ஒரு நிமிடத்துக்குள் கையை எடுத்துவிட்டார்கள். அதில் ஒருவன் ‘மிகவும் குளிர்ச்சியாக உள்ளது’ என்று எழுதியிருந்தான். நான் நான்கு நிமிடம் வைத்திருந்தேன். ‘முதலில் குளிர். அப்புறம் குளிர் போய்விடுகிறது. எலும்புக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறார்கள். இப்போது இந்தக் கை என்னுடையது இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையது. தாங்கலாம்’ என்று எழுதினேன்.

திட்டத் தலைவி டாக்டர் அபர்ணா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு வெளிறிப்போயிருந்த என் விரல்களைப் பார்த்தார்.

“ஏன் இன்னும் கையை எடுக்கல?”

“எடுக்கச் சொல்லலையே மேடம்.”

அவர் சிரித்தார். வேலை எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது.

அப்போது நான் நரம்பியல் முதுகலை கடைசி வருஷம். பள்ளிக்கூடத்திலிருந்தே என்னை இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கதைப்போட்டியில் பரிசு வாங்கினால் தமிழய்யா, “இந்தக் கைக்கு எதுக்குட்டி தவளை அறுக்குற வேலை?” என்பார். கல்லூரியில் ஆய்வேட்டில் ஓர் உவமை எழுதிவிட்டேன் என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். இரண்டும் வேண்டும் என்று சொன்னால் எல்லோருக்கும் சிரிப்பு. ‘நரம்பியல் தெரிந்தவர், தமிழில் நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர் தேவை’ என்ற விளம்பரத்தைப் பார்த்தபோது, யாரோ எனக்காகவே உட்கார்ந்து அச்சடித்ததுபோல் இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா பெயர் முத்துக்கனி. தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் உப்பு வாருகிறவள்.

“ரெண்டையும் சேத்து ஒரு வேல இருக்காட்டி? அதுக்கு சம்பளமும் குடுக்காவளா?”

“குடுக்காங்கம்மா.”

“அப்ப வாய மூடிட்டு ஒழுங்காப் பாரு. எதுத்துப் பேசாத,” என்றாள். அதுதான் அவள் வாழ்த்து.

முதல் நாள் நான் அபர்ணாவிடம் கேட்டேன். “வெயில்ல வேலை செய்யறவங்களோட உடம்புச் சூட்டை அளந்தா போதாதா மேடம்? இவ்வளவு எதுக்கு?”

“போதாது பிரம்மசக்தி. முப்பத்தொன்பது டிகிரியில ஒருத்தர் விழுந்துடுவார். இன்னொருத்தர் மூட்டையோட நடப்பார். வெறும் நம்பரை வெச்சு யாரை நிறுத்தறது? நரம்புக்குத் தெரியும். அது நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்லிட்டே இருக்கு. இந்தப் பட்டை அதை ஒட்டுக்கேக்குது. ஆனா கேக்கறது வெறும் அலை. எந்த அலை அரிப்பு, எது எரிச்சல், எது தாங்கக்கூடியது, எது தாங்க முடியாததுன்னு பட்டைக்குத் தெரியாது.”

“அதை நாம சொல்லிக் குடுக்கணும்.”

“வேலை செய்யறவங்க சொல்லணும். நீங்க எழுதணும். அலை ஒரு பக்கம், வாக்கியம் ஒரு பக்கம். ஆயிரம் வாக்கியம் சேர்ந்தா பட்டை தானாவே படிக்க ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறந்து கெஞ்ச வேண்டாம். இவரால முடியல, நிறுத்துன்னு பட்டையே சொல்லும். வெப்பப் பாதுகாப்புச் சட்டம் வரப்போகுது. அதுக்கு இதுதான் அளவுகோல்.”

அதைக் கேட்டபோது எனக்கு அப்பா நினைவு வந்தது. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பா அளத்தில் சுருண்டு விழுந்து செத்தார். குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அப்பா டீகூடக் குடிக்கமாட்டார். அன்றைக்கு அவர் பிடரியில் ஒரு பட்டை இருந்திருந்தால் அது உண்மையைச் சொல்லியிருக்கும். அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் அந்த வேலையில் உயிரைக் கொடுத்து உழைத்தேன்.

பதிவு எடுக்க என் அம்மா வேலை பார்க்கும் அளத்தையே நான் கேட்டு வாங்கினேன். அபர்ணா தயங்கினார்.

“தெரிஞ்சவங்க இருக்கற இடம். சரியா வருமா?”

“தெரிஞ்சவங்கன்னாதான் மேடம் மனசு விட்டுப் பேசுவாங்க. வெளியாள் போய் நின்னா ஒரு வார்த்தை வராது.”

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

எங்கள் அளத்தில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். பதினோரு மணிக்கு உப்பின் வெளிச்சம் கண்ணைக் குத்த ஆரம்பித்ததும் யாராவது ஒருத்தி உப்பு வாரும் வாருபலகையை வரப்பில் சாத்திவிட்டுக் கரையேறுவாள். அதைப் பார்த்து எல்லோரும் சாத்துவார்கள்; அன்றைய வேலை முடிந்தது. கங்காணி லிங்கதுரை முணுமுணுப்பார். அதோடு சரி. எந்தத் தாளிலும் இல்லாத வழக்கம் அது. ஆனால் யாரும் மீறியதில்லை.

முப்பது பெண்களுக்கு முப்பது பட்டைகள் ஒட்டினேன். ஒட்டிய அரைமணி நேரத்தில் அதற்கு அட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“ஏளா, உறிஞ்ச எங்கிட்ட ரத்தமே இல்லியே. இந்த அட்ட பட்டினில்லா கெடக்கும்,” என்றாள் பேச்சித்தாய். அம்மாவுடன் இருபது வருஷமாக ஒரே பாத்தியில் நிற்பவள். எனக்குச் சித்தி முறை.

“ஒன் நாக்குல ஒட்டச் சொல்லு. அங்கனதான் எல்லாம் தேங்கிக் கெடக்கு,” என்றாள் அம்மா.

பாத்தி முழுக்கச் சிரித்தது. பத்து நாளும் இப்படித்தான் தொடங்கியது. பிறகு வெயில் ஏறும். என் கையிலிருந்த கருவியில் யாருடைய அலையாவது எகிறும். நான் ஓடிப்போய் நிற்பேன்.

“சித்தி, இப்ப கால் எப்படி இருக்கு?”

“லேசா எரியுது தாயி.”

“லேசான்னா?”

“லேசான்னா லேசாத்தான். படிச்ச புள்ள நீ, மீதிய எழுதிக்கோ.”

“இடுப்பு?”

“அது பழகிப்போச்சு.”

“கண்ணு?”

“கூசுது. உப்பு மினுங்கத்தான செய்யும்?”

கருவியில் அலை மலைபோல் நின்றது. அவள் முகம் சிரித்தபடி இருந்தது. அடுத்தவளும் லேசாக என்றாள். அதற்கு அடுத்தவளும் அதையே சொன்னாள். முப்பது பேரில் ஒருத்திகூட ‘தாங்க முடியல’ என்று சொல்லவில்லை.

அம்மாவிடம் ஆறாம் நாள் போய் நின்றேன். மணி பத்தே முக்கால். அவள் அலைதான் அன்றைக்கு எல்லாவற்றிலும் உயரமாக இருந்தது. அவளுடைய குதிகாலில் நீளவாக்கில் இரண்டு வெடிப்பு உண்டு. உள்ளே சதை தெரியும். உப்புத் தண்ணீர் அதற்குள் போய் வந்துகொண்டிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் நான்தான் அதில் தேங்காயெண்ணெய் வைத்துத் துணி கட்டிவிட்டு வளர்ந்தவள்.

“எம்மா, கால் எப்படி இருக்கு?”

என்னைப் பார்த்தாள். கருவியைப் பார்த்தாள். தள்ளி நின்ற கங்காணியைப் பார்த்தாள்.

“லேசா எரியுது. பொறுத்துக்கிடலாம்.”

அன்று சாயங்காலம் அபர்ணாவுக்குப் போன் செய்தேன். “மேடம், எல்லாரும் குறைச்சுச் சொல்றாங்கன்னு தோணுது.”

“தோணுதா? சான்று இருக்கா?”

“நானே ரெண்டு கோடை லீவுல அந்தப் பாத்தியில நின்னிருக்கேன் மேடம். எனக்குத் தெரியும்.”

“அது உங்க உடம்பு, உங்க வயசு. அவங்க இருபது வருஷம் பழகினவங்க. அவங்களுக்கு உண்மையிலேயே லேசா இருக்கலாம் இல்லியா? அவங்க சொன்னதை நாம கூட்டினா அது கதை. விஞ்ஞானம் இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா வெறும் ‘லேசா எரியுது’ன்னு முப்பது தடவை அனுப்பாதீங்க. எரிச்சல்ல வகை இருக்கே. அதுக்குத்தான் உங்களை எடுத்தோம். அளவைக் கூட்டாதீங்க, நுணுக்கத்தைக் கூட்டுங்க,” என்றார்.

அளவைக் கூட்டக் கூடாது. நுணுக்கத்தைக் கூட்டலாம். எனக்கு அது பெரிய சவாலாகப் பட்டது. எழுதுகிறவளுக்கு இதைவிட ருசியான வேலை கிடைக்குமா? அந்த ருசியில், கேட்க வந்த கேள்வியை விட்டுவிட்டேன். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

அம்மாவின் அலைக்கு நேராக நான் எழுதியது இது: ‘உள்ளங்காலில் லேசான எரிச்சல். சித்திரை மாதத்தில் கோயில் பிராகாரத்துக் கல்லில் நடப்பது போல. பொறுத்துக்கொள்ளலாம்.’ வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

அந்த வாக்கியத்தை அபர்ணா கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். “பாருங்க, இதுல இடம் இருக்கு, சூடு இருக்கு, மனநிலையும் இருக்கு. ஒருத்தர் கஷ்டத்தை இவ்வளவு கௌரவமாச் சொல்ல முடியுமா!” கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சந்தோஷப்பட்டேன். இரண்டு மாதத்தில் வேலை நிரந்தரமானது. அம்மா பாத்தி முழுக்க லட்டு கொடுத்தாளாம்.

அடுத்த கோடையில் சட்டம் வந்தது. எவரையும் உடல் தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மீறினால் முதலாளிக்குச் சிறை. தாங்கும் அளவைப் பட்டை சொல்லும். பச்சை விளக்கு எரிந்தால் தொடரலாம். சிவப்பு எரிந்தால் உடனே நிழலுக்கு அனுப்ப வேண்டும். ஏன் பச்சை, ஏன் சிவப்பு என்று பட்டை வாயாலும் சொல்லும். என் வாக்கியங்களை ஒரு பெண்குரல் வாசிக்கும்.

முதல் வாரம் பேச்சித்தாய் சித்தி போனில் ஒரே சிரிப்பு. “ஏட்டி சக்தி, அட்ட ஒன்ன மாதிரியே பேசுதுட்டி! உங்கம்மைய நிமிசத்துக்கு ஒருக்கா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவுது. ‘பிராகாரத்துக் கல்லுல நடப்பது போல’ங்குது. இவ செருப்ப எங்கன விட்டான்னு நாங்க கேக்கோம்.”

நானும் சிரித்தேன். பிறகு அவள் சொன்னாள்: “என்ன, முன்ன மாதிரி பதினோரு மணிக்கு ஏற முடியல. வாருபலகையச் சாத்துனா கங்காணி வந்து பிடரியப் பாக்காரு. ‘பச்சதான எரியுது? சட்டமே தொடரலாம்னு சொல்லுது, ஒனக்கென்ன?’ங்காரு. ரெண்டு மணி வரைக்கும் ஓடுது.”

“சிவப்பு எரியலையா சித்தி?”

“எங்க எரியுது? அது செவத்த நாளே இல்ல.”

அன்றே நான் ரயில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. வேறொரு பதிவு முடிய நான்கு நாள் இருந்தது. முடித்துவிட்டு அபர்ணாவிடம் பேசலாம் என்று வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்கு அம்மா பாத்திக்குள் குப்புற விழுந்தாள். பேச்சித்தாய்தான் புரட்டிப் போட்டுத் தூக்கினாள். மூக்கிலும் வாயிலும் உப்பு. தூக்கிக்கொண்டு ஓடும்போதும் பிடரியில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் போட்ட பிறகும் அந்தக் குரல் ஒருமுறை வாசித்ததாம். பேச்சித்தாய்தான் பிய்த்துச் சுவரில் எறிந்திருக்கிறாள்.

உயிர் தப்பியது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒருநாளில் போனதல்ல, பல வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது, இந்தக் கோடை முடித்துவைத்தது என்றார் டாக்டர். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விட வேண்டும்.

நான் அலுவலகத்துக்குப் போய் அம்மாவின் பட்டைப் பதிவைத் திறந்தேன். அன்று காலை ஒன்பதிலிருந்து ஒன்றரை வரை இருநூற்றுப் பன்னிரண்டாம் வாக்கியம் பதினான்கு முறை வந்திருந்தது. அலை அதே மலை. அதே உயரம். பட்டை பிசகவே இல்லை. நான் கற்றுக்கொடுத்ததைத் துல்லியமாகச் சொல்லியிருந்தது.

“இதை மாத்தணும் மேடம்,” என்றேன்.

அபர்ணாவின் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அவர் கெட்டவர் என்று சொன்னால் எனக்கு வசதி. ஆனால் அவர் கெட்டவர் இல்லை.

“எப்படி மாத்தறது சக்தி? ஆயிரம் வாக்கியமும் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு. சட்டத்துல சேர்த்தாச்சு. தப்புன்னு சொல்ல ஒரு பதிவு வேணும். இதே மாதிரி அலை, அதுக்கு ‘தாங்க முடியல’ன்னு ஒரு வாக்கியம். ஒண்ணாவது கொண்டு வாங்க, நான் மேலே போய்ச் சண்டை போடறேன்.”

ஒரே ஒரு வாக்கியம். என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

ஜூன் முதல் வாரம் அம்மாவின் வாருபலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். பிடரியில் பட்டை. மடியில் கருவி. லிங்கதுரை வரப்பில் நின்று, “அம்மைக்குப் பதிலா மவளா? எழுதுற கை, பொத்துப்போயிரும் தாயி,” என்றார். அவர் பிடரியிலும் ஒரு பட்டை இருந்தது. அதுவும் பச்சை.

எட்டு மணிக்கு உள்ளங்கை கொப்பளித்தது. ஒன்பதரைக்குக் கொப்பளம் உடைந்து உப்பு உள்ளே போனது. பத்தரைக்கு உப்புப் பரப்பு முழுக்க வெள்ளைக் கண்ணாடியாகி, கண்ணை மூடினாலும் இமைக்குள் வெள்ளை. பதினொன்றரைக்குக் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பன்னிரண்டே காலுக்கு இரண்டு பேச்சித்தாய்கள் எதிரே நின்று, “வெளிய வாட்டி, வெளிய வா,” என்று கத்தினார்கள். வாந்தி எடுத்தேன். முழங்கால் மடங்கி உப்பிலேயே உட்கார்ந்தேன். கருவியில் என் அலை மலைபோல் நின்றது. அம்மாவின் அதே மலை.

கருவியை வாய்க்கருகில் வைத்துப் பேசினேன். உவமை எதுவும் வரவில்லை. “தாங்க முடியல. செத்துருவேன். நிறுத்துங்க,” என்றேன். மூன்று முறை சொன்னேன்.

கருவி யோசித்தது. பிறகு எழுத்து வந்தது: ‘பேச்சு, அலைக்கு மிகை. பொருந்தும் வாக்கியம்: 212.’ பிடரியில் அந்தப் பெண்குரல் நிதானமாக, சரியான இடத்தில் நிறுத்தி, வாசிக்கத் தொடங்கியது. உள்ளங்காலில் லேசான எரிச்சல். சித்திரை மாதத்தில் கோயில் பிராகாரத்துக் கல்லில் நடப்பது போல.

பேச்சித்தாய் என்னை அக்குளில் கைகொடுத்து இழுத்து வரப்பில் போட்டாள். தலையில் தண்ணீரைக் கவிழ்த்தாள். “இதத்தான் எழுதுனியா நீ?” என்று கேட்டாள். திட்டுகிற குரல் இல்லை. உண்மையிலேயே கேட்டாள்.

அபர்ணா அந்தப் பதிவை நீண்ட நேரம் பார்த்தார்.

“ஏத்துக்கமாட்டாங்க சக்தி.”

“ஏன்? அதே அலைதானே?”

“அதே அலைக்கு முப்பது பேர் லேசாங்கறாங்க. ஒருத்தர் சாவேங்கறாங்க. பட்டை யாரை நம்பும்? நீங்க பழகாதவங்க. படிச்சவங்க. சொல்லத் தெரிஞ்சவங்க கூட்டிச் சொல்வாங்கன்னு அது கணக்குப் போட்டு வெச்சிருக்கு.” பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொன்னார்: “இன்னொண்ணும் இருக்கு. எல்லாப் பதிவுக்கும் முதல் பதிவு எது தெரியுமா? நேர்காணல்ல நீங்க ஐஸ் தண்ணியில கை வெச்சது. நாலு நிமிஷம். ‘தாங்கலாம்’னு முடிச்சிருந்தீங்க. அளவுகோல் அங்கிருந்துதான் தொடங்குது.”

எடுக்கச் சொல்லலையே என்று நான் அன்று சொன்னதும் அவர் சிரித்ததும் இருவருக்கும் நினைவு வந்தது.

“அந்த முப்பது பேரும் மறுபடி பேசட்டும். மாத்திச் சொல்லட்டும். அப்போ வழியிருக்கு,” என்றார்.

நான் ஊருக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் அம்மாவின் கையில் இரண்டு குழாய்கள் மாட்டியிருந்தன. ஒன்றில் ரத்தம் போனது, ஒன்றில் வந்தது. பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, நீங்க முப்பது பேரும் ஒருக்கா உண்மையைச் சொல்லணும். அன்னிக்கு ஏன் எல்லாரும் லேசா லேசான்னு சொன்னீங்க? எனக்குத்தானே சொன்னீங்க? கங்காணிக்கா சொன்னீங்க?”

பேச்சித்தாய் ஆரஞ்சுத் தோலைப் பார்த்துக்கொண்டே, “உங்கம்மைட்ட கேளு,” என்றாள்.

அம்மா கூரையைப் பார்த்தாள்.

“நாந்தான் சொன்னேன்.”

“என்ன சொன்ன?”

“நீ வாரதுக்கு மொத நா எல்லாத்தையும் உப்புக் குவிச்ச அம்பாரத்துக்கிட்ட கூட்டி வச்சு சொன்னேன். எம் மவ மொத வேலைக்கு வாரா. நோட்டும் கையுமா நிப்பா. எவளும் அங்க வலிக்கி, இங்க வலிக்கின்னு ஒப்பாரி வச்சிராதிய. கம்பேனிக்காரன் என்ன நெனப்பான்? இவ ஊருக்குப் போயி ஆள் சேத்துப் புகார் கொண்டாந்துட்டாம்பான். வேலைய விட்டுத் தூக்கிருவான். புள்ளைக்குக் கெட்ட பேரு வராமப் பேசுங்கன்னேன்.” மூச்சு வாங்கியது. “உங்கப்பா செத்தப்ப எழுத வந்தவன்ட்ட நான் வாயத் தொறந்தேன். குடிகாரன்னு எழுதிட்டுப் போயிட்டான். எழுதுறவன்ட்ட நாம என்ன சொன்னாலும் நமக்குத்தான் திரும்பும்னு இருந்தேன்.”

“எழுதுனது நானில்லா?”

“அதான் சொல்லுதேன். நீன்னுதான் இன்னும் பயம்.”

பேச்சித்தாய் ஒரு சுளையை அம்மாவிடம் நீட்டி, ஆரஞ்சு ஆகாது என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, தானே வாயில் போட்டுக்கொண்டாள். “இப்ப மாத்திச் சொல்ல எவளும் வரமாட்டா சக்தி. வடக்கு அளத்துல ஒருத்திக்கு செவப்பு எரிஞ்சிச்சு. நிழல்லதான் ஒக்கார வச்சாவ. மறுநா வேலைக்கே கூப்புடல. ஒடம்பு சரியில்லாதவன்னு ஒதுக்கிட்டாவ. செவப்புன்னா இப்ப எல்லாவளுக்கும் குலைநடுக்கம். பொட்டு மாதிரி பச்ச எரியட்டும்னு கும்புடுதாளுவ.” எழுந்து, தோலை முந்தானையில் வாரிக்கொண்டு வெளியே போனாள்.

நான் வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். இந்தக் குழாய்களுக்குச் செலவு செய்வது நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு. ஊழியரின் பெற்றோருக்கும் உண்டு. ஆகவே விடவில்லை. திங்கட்கிழமை செங்கல் சூளை ஒன்றில் அடுத்த பதிவு. அதற்கான முப்பது புதுப் பட்டைகளையும் என் பையில்தான் வைத்திருந்தேன்.

“எம்மா,” என்றேன். “இப்பவாச்சும் சொல்லு. அன்னிக்கு நான் வந்து கேட்டேனே. பத்தே முக்கால் மணிக்கு. உண்மையிலேயே எப்படி இருந்துச்சு?”

அம்மா கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. என் பையைப் பார்த்தாள்.

“எழுதுவியா?”

“மாட்டேன்.”

“அட்டைட்ட சொல்லுவியா?”

“சொல்லமாட்டேன்.”

“உங்கப்பா மேல சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் சொல்லத் தொடங்கினாள். குதிகாலில் ஆரம்பித்தாள். நிறுத்தி, சரியான சொல் வரும்வரை யோசித்து, அதுவும் பற்றாது என்று அதை விட்டு, வேறு சொல் எடுத்து, அரைமணி நேரம் சொன்னாள். என்னைவிட அவளுக்கு நன்றாகச் சொல்லத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு இந்த எழுதுகிற கை எங்கிருந்து வந்தது என்பதும். ஆயிரம் வாக்கியத்தையும் அழித்துவிட்டு அந்த அரைமணி நேரத்தை மட்டும் வைத்திருந்தால் எங்கள் அளம் முழுக்கச் சிவப்பு எரிந்திருக்கும். அவள் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் எங்கும் எழுதவில்லை. இங்கேயும் எழுதவில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் உள்ளே வந்து குழாயைத் தட்டிப் பார்த்தாள். கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள்.

“பாட்டி, கை வலி எப்படி இருக்கு இன்னைக்கி?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“லேசாத்தான் தாயி. பொறுத்துக்கிடலாம்.”

நர்ஸ் எழுதிக்கொண்டாள்.